சமீபத்தில் படித்தவை: வாய்க்கு வந்தபடி சில கருத்துகள்

பென்சில்கோடு:

சில மாதங்களாகப் படித்த புத்தகங்களைப் பற்றி மறப்பதற்குள் எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். விமர்சனம் என்று நம்பி யாரும் வந்துவிடாதீர்கள். பிடித்தது, பிடிக்கவில்லை, பாதியில் மூடினேன், இவ்வளவுதான் என்னிடம் இருக்கும் தராசு. வரிசை எதுவும் கிடையாது. அடுக்கில் மேலே கிடப்பதிலிருந்து இறங்குகிறேன்.

முதலில் சமந்தா ஹார்வியின் 'ஆர்பிட்டல்'. 2024இல் புக்கர் பரிசு பெற்ற நாவல். 136 பக்கம்தானே, ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம் என்று எடுத்தேன், ஒரு வாரம் இழுத்தது. விண்வெளி நிலையத்தில் ஆறு பேர், ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்குள் அவர்கள் பூமியை 16 முறை சுற்றுகிறார்கள், 16 முறை பொழுது விடிகிறது. கதை என்று பெரிதாக எதுவும் நடப்பதில்லை. கீழே ஒரு புயல் திரண்டு பிலிப்பைன்ஸ் பக்கம் நகர்கிறது, மேலே இருப்பவர்கள் அதைப் படமெடுக்கிறார்கள். மற்றபடி வர்ணனை, கண்டம் கண்டமாக வர்ணனை. இரண்டு முறை மூடி வைத்தேன்.

மறுபடி திறக்கவைத்தவள் சியே என்கிற ஜப்பானிய விண்வெளி வீராங்கனை. அவளுடைய அம்மா இறந்த செய்தி வருகிறது. இறங்கிப் போக வழியில்லை. இதோ கண்ணீர்க் காட்சி வரப்போகிறது என்று மனத்தைத் தயார்செய்துகொண்டேன். ஆனால் நமக்குக் காட்டப்படுவது அவள் போட்டு வைத்திருக்கும் பட்டியல்கள். எரிச்சலூட்டுபவை இன்னின்ன என்று ஒரு பட்டியல், அப்படி இன்னும் சில. அவளுக்கு எவ்வளவு வலி என்று ஆசிரியர் படியளக்கவில்லை. பட்டியலைப் படித்து நானே தெரிந்துகொண்டேன். இந்த நாவலுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் முழுவதும் அதற்குத்தான்.

அடுத்தது சல்மான் ருஷ்டியின் 'நைஃப்'. 2022 ஆகஸ்ட் 12 அன்று மேடையில் தான் கத்தியால் குத்தப்பட்டதையும், வலது கண்ணை இழந்ததையும், மீண்டு வந்ததையும் அவரே எழுதியது. தாக்குதல் நீடித்தது 27 விநாடி. அந்த 27 விநாடியை அவர் எழுதியிருக்கும் பக்கங்களைப் படிக்கும்போது என்னை அறியாமல் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தேன். ஏன் ஓடவில்லை, ஏன் எதிர்த்துப் போராடவில்லை என்று தன்னையே குடைந்து கேட்டுக்கொள்கிறார். தாக்கியவனின் பெயரைச் சொல்லாமல் 'ஏ' என்ற ஒற்றை எழுத்தோடு ஒதுக்கிவிடுவதும் பிடித்தது. பிறகு ஒரு நீண்ட அத்தியாயம், அவனோடு கற்பனையில் உரையாடுகிறார். அங்கேதான் எனக்குப் பிசகியது. கேள்வியும் அவருடையது, பதிலும் அவருடையது. தாயக்கட்டையைத் தானே உருட்டி, எதிராளியின் காயையும் தானே நகர்த்தினால் யார் ஜெயிப்பார்கள்?

யுவால் நோவா ஹராரியின் 'நெக்சஸ்' 2024இல் வந்தது. தகவல் பெருகினால் உண்மையும் பெருகும் என்பது பகல்கனவு என்பதுதான் மையக் கருத்து. அச்சு இயந்திரம் வந்ததும் அறிவு வளர்ந்தது என்ற பழைய பாட்டை அவர் உடைக்கும் இடம் அருமை. கோபர்நிகஸ் 1543இல் வெளியிட்ட நூல் முதல் பதிப்பில் 400 பிரதி, அதுவே விற்றுத் தீரவில்லை. சூனியக்காரிகளைக் கண்டுபிடித்துக் கொல்ல வழிசொன்ன நூலோ சக்கைப்போடு போட்டது. இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அதே கருத்தை நூறு பக்கம் தள்ளி மறுபடியும் சொல்கிறார், பிறகு இன்னொரு முறையும். வகுப்பில் கடைசி வரிசை தூங்கிவிட்டதோ என்று சந்தேகப்படும் ஆசிரியரைப் போல.

இப்போது என்னை உண்மையிலேயே உலுக்கிய புத்தகத்துக்கு வருகிறேன். இமையத்தின் 'செல்லாத பணம்'. 2018இல் வந்து 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. நான் இவ்வளவு தாமதமாகப் படித்ததற்கு என் சோம்பலைத் தவிர வேறு காரணமில்லை. பொறியியல் படித்த ரேவதி, பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்த ரவி என்ற ஆட்டோ ஓட்டுநரை வீட்டாரின் எதிர்ப்பை மீறி மணந்துகொள்கிறாள். பிறகு ஒரு நாள் உடல் கருகி மருத்துவமனையில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி தீக்காயப் பிரிவின் வாசலில் நடக்கிறது, உள்ளே அல்ல. கதவுக்கு வெளியே அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி. பேசுகிறார்கள், அழுகிறார்கள், ஒருவரை ஒருவர் குற்றம் சொல்கிறார்கள், கதவு திறந்தால் எழுந்து ஓடுகிறார்கள், மறுபடி வந்து உட்கார்கிறார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்ய அப்பா தயார். ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் அந்தப் பணம் வெறும் காகிதம். தலைப்புக்கு இந்தப் பொருள் என்று எவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரவி மோசமானவனா? அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அவனுக்கும் பேச இடம் கொடுக்கிறார் இமையம். பேசி முடித்தபோது அவன்மேல் எனக்கிருந்த கோபம் குறையவில்லை, ஆனால் அந்தக் கோபத்தை அவன்மேல் மட்டுமே வைக்க முடியவில்லை. அப்பாவுக்கும் கொஞ்சம் பங்கு போயிற்று.

ஆக, என் வியாதி என்னவென்று உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆசிரியர் என் தோளைத் தொட்டு "கவனித்தாயா, இதுதான் விஷயம்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.

நடுப்பக்கம்:

'ஆர்பிட்டல்' விஷயத்தில் நீங்கள் பாதி மதிப்பெண்ணைக் கீழே போட்டுவிட்டீர்கள். அந்த ஆறு பேரில் ஒருவனான ஷான் வைத்திருக்கும் அஞ்சலட்டை நினைவில்லையா? வெலாஸ்கெஸ் 1656இல் தீட்டிய 'லாஸ் மெனினாஸ்' ஓவியம். ஓவியர் நம்மைப் பார்க்கிறாரா, அரசனும் அரசியும் கண்ணாடியில் தெரிகிறார்களா, உண்மையில் யாரைப் பற்றிய படம் அது என்று ஷானின் மனைவி அட்டையின் பின்னால் கேள்வி கேள்வியாக எழுதியிருப்பாள். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு வீரனான பியத்ரோ சொல்லும் பதில், "நாய்". படத்தின் கீழ் மூலையில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும் அந்த நாய். நான் புத்தகத்தை மூடிவிட்டு ஓவியத்தைத் தேடிப் போய் அந்த நாயைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பூமியைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாதவர்களைப் பற்றிய நாவலில், எதையும் பார்க்காத ஒரே உயிரைத் தொட்டுக் காட்டுகிறார். இதை வெறும் வர்ணனை என்று தள்ள முடியாது.

ருஷ்டி விஷயத்திலும் உங்களோடு எனக்குச் சண்டைதான். தாயக்கட்டை உவமை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அநியாயம். அந்த மனிதர் செய்யக்கூடியது அது ஒன்றுதானே? தாக்கியவன் சிறையில் இருக்கிறான். எதிரே உட்காரவைத்துப் பேச வழியில்லை. நாவலாசிரியரிடம் இருக்கும் ஒரே கருவி கற்பனை. அந்த அத்தியாயம் கலையாகத் தோற்றிருக்கலாம், நானும் அதை முழுவதும் ரசிக்கவில்லை. ஆனால் அதை எழுதாமல் அவர் அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

மழைக்கால வாசகி:

இருவருக்கும் வணக்கம். நீங்கள் இருவரும் அந்தரத்தில் சண்டை போடுங்கள், நான் தரையில் இருக்கும் இமையத்திடம் வருகிறேன்.

'செல்லாத பணம்' முக்கியமான நாவல், மறுக்கவில்லை. ஆனால் பென்சில்கோடு அவர்கள் சொல்வதைப் போல அதில் விளக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. விளக்கத்தை ஆசிரியர் செய்வதில்லை, பாத்திரங்கள் செய்கிறார்கள். ஒரே ஆதங்கத்தை அம்மா சொல்வாள், பிறகு அண்ணன் சொல்வான், பிறகு வரும் சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு சுற்றுச் சொல்வார்கள். சாவு வீட்டில் அப்படித்தான் பேசுவார்கள் என்பது உண்மை. ஆனால் சாவு வீட்டில் நான் நடுவில் எழுந்து கொஞ்ச நேரம் வெளியே போய் நிற்க முடியும். நாவலில் முடியாது. ஐம்பது பக்கம் குறைத்திருந்தால் இன்னும் அழுத்தமாக இருந்திருக்கும்.

நீங்கள் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். பானு முஷ்டாக்கின் 'ஹார்ட் லாம்ப்'. கன்னடத்திலிருந்து தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் தந்தது, 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது. 12 கதைகள், 1990 முதல் 2023 வரை எழுதியவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தவை. சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் முறை. சிறுகதை எழுதினால் யார் படிப்பார்கள், நாவல் எழுதுங்கள் என்று எழுத்தாளர்களுக்கு அறிவுரை சொல்பவர்கள் கொஞ்ச நாளைக்காவது வாய் திறக்க மாட்டார்கள் என்ற சந்தோஷம் எனக்கு.

தலைப்புக் கதையை மட்டுமாவது படியுங்கள். கணவன் வேறொருத்தியை நாடிப் போனபிறகு மெஹ்ரூன் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் தம்பிகள் அவளைத் தங்கவே விடாமல் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய் விடுகிறார்கள். இரவு அவள் மண்ணெண்ணெயை எடுக்கிறாள். மூத்த மகள் சல்மா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறாள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். 'செல்லாத பணம்' படித்த கையோடு இதைப் படித்தால், ஒரே தீயின் இரு கரையில் நிற்பது போலிருக்கும்.

பென்சில்கோடு:

வாசகி அவர்களே, நீங்கள் சொன்ன கையோடு எடுத்துப் படித்தேன், எட்டுக் கதை முடிந்திருக்கிறது. தலைப்புக் கதை பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. சல்மா ஓடிவரும் இடத்தில் பக்கத்தைத் திருப்பப் பயந்து கொஞ்ச நேரம் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். சில கதைகளின் முடிவு மட்டும் அவசரமாகக் கதவை அறைந்து சாத்துவது போலிருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் ஒரு காரியம் செய்திருக்கிறார். கன்னட, உருது, அரபுச் சொற்களைச் சாய்வெழுத்தில் போடவில்லை, அடிக்குறிப்பும் தரவில்லை. புரிகிறவர்களுக்குப் புரியட்டும், மற்றவர்கள் இடத்தை வைத்து ஊகிக்கட்டும் என்று விட்டுவிட்டார். எனக்கு அது தேன். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கன்னடத்துக்கும் தமிழுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது. அந்தச் சுவரைத் தாண்ட ஆங்கிலம் வரை விமானம் ஏறிப் போய், அங்கிருந்து திரும்பிப் பக்கத்து வீட்டு வாசலில் இறங்கியிருக்கிறேன். படித்துக்கொண்டிருக்கும்போதே இந்த வாக்கியம் கன்னடத்தில் எப்படி இருந்திருக்கும் என்று மனம் பின்னோக்கி மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தது. சில இடங்களில் தமிழில் அது தானாகவே பொருந்தி உட்கார்ந்தது. நேரடியாகக் கன்னடத்திலிருந்து தமிழுக்கு வருவதைப் படிப்பதுதான் நியாயம், இனி அப்படித்தான் செய்யப் போகிறேன்.

நடுப்பக்கம் அவர்களே, நாயைத் தவறவிட்டது என் தவறு. ஒப்புக்கொள்கிறேன். தாயக்கட்டையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடிக்குறிப்பு:

என் பெயரைப் பாருங்கள், பிறகு என் கோபத்தைப் புரிந்துகொள்வீர்கள். விளக்கம் என்றாலே பென்சில்கோடு அவர்களுக்கு ஒவ்வாமை. அடிக்குறிப்பு இல்லாததைத் தேன் என்கிறார். ஆனால் போன மாதம் ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலைப் பற்றி இதே மனிதர் என்னிடம் ஒரு மணி நேரம் பேசினார், அதில் முக்கால் மணி நேரம் அடிக்குறிப்புகளைப் பற்றி. அதைப் பட்டியலில் சேர்க்காமல் ஒளித்துவைத்ததன் மர்மம் என்ன?

பென்சில்கோடு:

மாட்டிக்கொண்டேன். ஒளித்துவைக்கவில்லை ஐயா, அடுக்கில் அடியில் கிடந்தது.

2024ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற ஆய்வு நூல் அது. வ.உ.சி. என்றதும் நம் எல்லோருக்கும் கப்பல், செக்கு இரண்டும் நினைவுக்கு வரும். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி, பிறகு சிறை. நடுவில் என்ன நடந்தது? 1908இன் தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். அடுத்து, வங்காளத் தலைவர் பிபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையானதைக் கொண்டாட முனைந்ததையொட்டி மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதாகிறார்கள். மறுநாள் திருநெல்வேலி பொங்கி எழுகிறது. கடைகள் அடைக்கப்படுகின்றன, அரசுக் கட்டடங்கள் தாக்கப்படுகின்றன, போலீஸ் சுட்டதில் நான்கு பேர் சாகிறார்கள். வ.உ.சி.க்கு முதலில் விதித்த தண்டனை இரண்டு ஆயுள், மொத்தம் 40 ஆண்டு. மேல்முறையீட்டில் குறைந்து 1912இன் இறுதியில் வெளியே வந்தார். இந்த மேலோட்டமான கதை எனக்கும் தெரிந்திருந்தது.

அந்த ஒரு நாள் தெருவில் இறங்கியவர்கள் யார் என்று நான் யோசித்ததே இல்லை. அவர்கள் தலைவர்கள் அல்ல, சிலை இல்லாதவர்கள், நூற்றாண்டு விழா இல்லாதவர்கள். வேங்கடாசலபதி அவர்களைத் தேடிப் போகிறார். அரசுக் கோப்பு, நீதிமன்ற ஆவணம், அன்றைய பத்திரிகை என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார். ஒரு வரி எழுதுகிறார், அதற்கு எங்கே ஆதாரம் என்று கீழே சொல்கிறார். நான் பெரும்பாலும் மேலே ஒரு கண், கீழே ஒரு கண் என்று மாறுகண் வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

நாவலாசிரியர் விளக்கினால் கோபப்படுபவன் வரலாற்றாசிரியர் குறிப்புப் போட்டால் மட்டும் மகிழலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் செய்தியைப் படித்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் குறிப்பில் எனக்கு எதையும் விளக்கவில்லை என்று நினைக்கிறேன். இந்தக் காகிதம் இந்த இடத்தில் இருக்கிறது, சந்தேகமிருந்தால் போய்ப் பார் என்கிறார். வேண்டுமானால் நான் அவரோடு சண்டை போடலாம், அதற்கான ஆயுதத்தையும் அவரே தருகிறார். ஹராரியின் நூலிலும் பின்னால் குறிப்புகள் நிறைய இருக்கின்றன, ஆனால் அவர் முன்னால் பேசிக்கொண்டே போகும் வேகத்தில் அவற்றைப் புரட்டத் தோன்றுவதே இல்லை. இந்தப் பதில் உங்களுக்குப் போதுமா தெரியவில்லை. எனக்கே முக்கால்வாசிதான் திருப்தி.

அடிக்குறிப்பு:

எனக்கு அரைவாசி. ஆனாலும் மாறுகண் என்று சொன்னதற்காக மன்னித்துவிட்டேன்.

மழைக்கால வாசகி:

மொழிபெயர்ப்பு பற்றிய பேச்சு வந்ததால் இன்னொன்று. ஹான் காங்குக்கு 2024இல் நோபல் பரிசு கிடைத்தபிறகு பலரும் அவருடைய 'தி வெஜிடேரியன்' நாவலைத் தேடிப் படித்தார்கள். தமிழில் 'மரக்கறி' என்ற பெயரில் சமயவேல் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. கொரிய மூலம் 2007இல் வந்தது. டெபோரா ஸ்மித்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2016இல் சர்வதேச புக்கர் பெற்றபோது கூடவே பெரிய சர்ச்சையும் கிளம்பியது. பிழைகளைப் பட்டியல் போட்டார்கள். எனக்கு நினைவில் நின்றது ஒன்று. கொரிய மொழியில் 'பல்' என்றால் கை, 'பல்' என்றால் கால். முதல் எழுத்தின் ஒலியில் சிறு வேறுபாடு உண்டாம், அதைக் குழப்பிக் கையைக் காலாக்கிவிட்டார். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே 'ப' என்பதால் உங்களுக்கு நான் வேறுபாட்டைக் காட்டக்கூட முடியவில்லை பாருங்கள். அந்தப் பெண்மேல் எனக்கு உடனே அனுதாபம் வந்துவிட்டது.

பென்சில்கோடு அவர்களின் வியாதிக்கு இந்த நாவல் சரியான மருந்து. இறைச்சி உண்பதை நிறுத்திவிட்ட யோங்-ஹேதான் மையம். ஆனால் மூன்று பகுதிகளையும் நகர்த்துபவர்கள் கணவன், அக்கா கணவன், அக்கா. கனவுகளைச் சொல்லும் சில துண்டுகளில் தவிர அவள் தன் வாயால் பேசுவதில்லை. ஏன் இப்படிச் செய்கிறாள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். "ஒரு கனவு கண்டேன்" என்கிறாள், அவ்வளவுதான்.

நடுப்பக்கம்:

எனக்கு அந்த இரண்டாம் பகுதி தொண்டையில் சிக்கியது. அவள் பேசாமல் இருப்பதை எழுத்தாளர் மதிக்கிறாரா, பயன்படுத்திக்கொள்கிறாரா என்ற சந்தேகம் கடைசிவரை தீரவில்லை. அக்கா கணவன் அவள் உடலில் பூ வரையும் காட்சிகளில் அவளை நாமும் அந்த ஆளின் கண்ணால்தானே பார்க்க வேண்டியிருக்கிறது?

மழைக்கால வாசகி:

அதற்காகத்தான் மூன்றாம் பகுதி அக்காவிடம் போகிறது. அதுவரை பார்த்ததெல்லாம் யாருடைய கண் என்று அங்கே கூச்சமாகிவிடும். அதை முடித்துவிட்டு இரண்டாம் பகுதியை மறுபடி படித்துப் பாருங்கள்.

நடுப்பக்கம்:

பார்க்கிறேன். பென்சில்கோடு எங்கே, சத்தத்தையே காணோம்?

பென்சில்கோடு:

இருக்கிறேன். 'மரக்கறி'யை இரவல் வாங்கி வந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பிரதியை எனக்கு முன்னால் யாரோ பென்சிலால் கோடு போட்டுப் படித்திருக்கிறார். பக்கத்துக்கு இரண்டு மூன்று கோடு. ஓரத்தில் ஆச்சரியக்குறி, கேள்விக்குறி, ஓரிடத்தில் "பாவி" என்று கணவனுக்கு ஒரு வசவு. 41ஆம் பக்கத்தோடு கோடுகள் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு தாள்கள் புத்தம் புதிதாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவர் ஏன் அங்கே நிறுத்தினார் என்று தெரியாமல் நான் 43இல் உட்கார்ந்திருக்கிறேன்.